"உங்க ரூம் நம்பர் என்ன தாத்தா?"

பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. தெருவில் மறுபடியும் ஆட்டோக்களில் பிள்ளைகள் பிதுங்கிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். என் மகனும் மருமகளும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். இதில் இருப்பதை எல்லாம் அவர்களிடம் நேரிலேயே சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, இந்தத் தடவை லீவுக்குப் பாண்டிக்கே வரோம். ரிசார்ட் போட்டாச்சு. நீங்களும் அம்மாவும் மூணு நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வந்துடுங்க. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றான். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு இருக்கிறது. மாடியில் இரண்டு அறை காலியாகக் கிடக்கிறது. ரிசார்ட் எங்கள் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்.

போனோம். துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு ஆட்டோ ஏறினோம். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே படித்து, முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர் அரசாங்கத்திலேயே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுபத்தைந்தாவது வயதில், இதே ஊரில் ராத்திரி படுத்துத் தூங்குவதற்கு முதன்முதலாக ஆதார் அட்டை காட்டினேன். என் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கட்டுவார்களே, அதுபோல.

பணத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. இரண்டு அறை, மூன்று ராத்திரி, வரி இல்லாமல் 54,000 ரூபாய். நான் 1972இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது சம்பள விகிதம் 110-180. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புலம்புவது நம் வயதுக்காரர்களின் வழக்கம். அது வீண். அவன் சம்பாதிக்கிறான், செலவழிக்கிறான். என் சண்டை வேறு.

கிளம்புகிற நாள் காலை. கார் வாசலில் நிற்கிறது. ஐந்து வயதுப் பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "தாத்தா, உங்க ரூம் நம்பர் என்ன? நெக்ஸ்ட் டைம் நான் நேரா அங்க வந்துடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. போன வருஷமும் எங்களை அவன் பார்த்தது மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் கைக்குழந்தை. தாத்தாவும் பாட்டியும் எப்போதும் நீச்சல் குளம் உள்ள இடத்தில்தான் இருப்பார்கள், அங்கே அவர்களுக்கு ஓர் அறை இருக்கும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. அதைத் திருத்துவதற்குக்கூட நேரம் இல்லை. பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

என் கட்சியை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டி வீடு இருக்கிற ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அதே ஊரில் ரிசார்ட்டில் தங்க வைப்பது தப்பு. சின்னத் தப்பு என்று நான் நினைக்கவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். அங்கே லீவுக்கு 'வகான்ஸ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு லத்தீன் வேர் காலியாக இருப்பது. எங்கள் தமிழும் அதையேதான் சொல்கிறது, முறை விட்ட நாள் விடுமுறை. ரிசார்ட்டில் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. ஒன்பது மணிக்குக் களிமண் பொம்மை. பத்தரைக்கு நீச்சல் குளம். பன்னிரண்டுக்கு முகத்தில் புலி வரைவது. நாலு மணிக்கு 'ரெயின் டான்ஸ்'. ஆறுக்கு மேஜிக். எட்டுக்கு டி.ஜே. பெங்களூரில் கணக்கு டியூஷன், கராத்தே, கீபோர்டு என்று ஓடுகிற பிள்ளைகளுக்கு லீவிலும் டைம் டேபிள். எட்டு வயதுப் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் களிமண் பொம்மைக்கு விசில் அடித்துவிட்டார்கள். ஓடிவிட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. அந்த இடம் முழுக்கப் 'பிரெஞ்சுப் பாணி'. மஞ்சள் சுவர், வெள்ளை வளைவு, காகிதப்பூக் கொடி, வாசலில் 'பியான்வெனு' என்று பலகை. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு 'போன்ழூர்' சொன்னேன். அவள் ஹிந்தியில் பதில் சொன்னாள். அவள் தப்பு இல்லை. பிழைக்க வந்த பெண். பிள்ளைகள் மெனுவில் 'பிரெஞ்ச் ஃபிரைஸ்'. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் 'பொம் ஃப்ரித்' என்றுதான் பெயர், யாரும் பிரெஞ்சு என்று அடைமொழி போட்டதில்லை. ஓர் அறைக்குத் துய்ப்ளேக்ஸ் பெயர். அந்தத் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்து, 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட் பக்கத்தில், அவர் பெயர் வைத்த தெருவிலேயே இருக்கிறது. நிஜ ஊர் ஆறு கிலோமீட்டரில் இருக்க, அதன் பொம்மையைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என் பேரப்பிள்ளைகள்.

மணலும் அப்படித்தான். நான் சின்னப் பையனாகக் கடற்கரையில் மணலில் ஓடியிருக்கிறேன். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. ஊருக்கு முன்னால் இருந்த மணல் கரைந்து போய், கருங்கல் கொட்டினார்கள். என் மகன் பார்த்த கடற்கரை கல்தான். இப்போது சில வருஷமாக, கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு, நான் வேலை பார்த்த தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் சேர்ந்திருக்கிறது. மகனுக்குக் கிடைக்காத மணல் பேரனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அவன் விளையாடியது ரிசார்ட்டில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மணலில், ஒரு பிளாஸ்டிக் நண்டோடு. கடலில் குளிக்க விடச் சொல்லவில்லை. இந்தக் கடல் பொல்லாதது, எத்தனை பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். கரையில் நின்று கால் நனைக்கலாமே.

பஃபேயில் 'கடல் மீன்' என்று ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருந்தார்கள். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப் படகுதான் போகும். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் வைத்திக்குப்பம். காலையில் அங்கே போய் நின்றால், படகு ஏன் கரையில் கிடக்கிறது, மீனுக்கு ஏன் லீவு விடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், அந்த வருஷத்துச் சயின்ஸ் பாடம் முடிந்தது.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இந்தச் சண்டையின் அடி வேர் அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா ஊர் காரைக்கால். ஒவ்வொரு லீவுக்கும் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று பஸ் மாறி மாறிப் போவோம். பள்ளியில் எனக்குக் கணக்கு பிரெஞ்சில், சரித்திரம் பிரெஞ்சில், பூகோளம் பிரெஞ்சில். பிரான்ஸ் தேசத்து நதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். அரசலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. தமிழ் வாத்தியார் வாரத்துக்குச் சில மணி நேரம் வருவார், அவ்வளவுதான்.

எனக்குத் தமிழ் வந்தது லீவில். காரைக்கால் தாத்தா திண்ணையில் தினத்தந்தியை விரித்து வைத்து, கொட்டை எழுத்துத் தலைப்பை விரலால் காட்டி, "படிடா" என்பார். தப்பாகப் படித்தால் தொடையில் ஒரு கிள்ளு. மீன் பேர்களை ஆயாவிடம் படித்தேன். நெத்திலி, சங்கரா, கிழங்கான், காரப்பொடி. உறவு முறைகளை அத்தையிடம். கெட்ட வார்த்தைகளை மாமா பிள்ளைகளிடம். கல்யாண வீட்டில் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும், சாவு வீட்டில் என்ன பேசக் கூடாது என்பதையெல்லாம் அங்கே யாரும் பாடமாக நடத்தவில்லை. வேலையில்லாமல் கிடந்தபோது காதில் விழுந்தது. இன்றைக்கு நீங்கள் படிக்கிற இந்தத் தமிழை எனக்குக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. ஏழெட்டு வருஷத்து லீவு.

இப்போது என் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம். அவர்கள் நிலைமையும் என் நிலைமையும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், எனக்குக் காரைக்கால் இருந்தது. அவர்களுக்கு அது இல்லை, நாங்கள் இருந்தும் இல்லை. அந்த மூன்று நாளில் ரிசார்ட்டில் அவர்கள் காதில் விழுந்த தமிழ், நாங்கள் இரண்டு பேர் பேசியதும், துப்புரவு செய்ய வந்த அம்மாள் பேசியதும்தான்.

அரசாங்கத்துக்குக்கூட இந்த விஷயம் தெரிந்திருந்தது. பல வருஷம் நான் எல்.டி.சி. பில் பார்த்த பிரிவில் இருந்தேன். (குமாஸ்தா எல்.டி.சி. வேறு, விடுப்புப் பயணச் சலுகை எல்.டி.சி. வேறு. நான் இரண்டுமாக இருந்தவன்.) நாலு வருஷம் ஒரு பிளாக். அதில் இரண்டு தடவை சொந்த ஊருக்குப் போய்வரச் செலவு கிடைக்கும். வேண்டுமானால் அதில் ஒன்றை இந்தியாவில் எந்த இடத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். சொந்த ஊர் எது என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சர்வீஸ் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம். மாஹேகாரர்களும் ஏனாம்காரர்களும் அந்தப் படிவத்தை எத்தனை ஆசையோடு நிரப்பிக் கொடுப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். காசு எண்ணிக் கொடுக்கிற அரசாங்கமே, மனிதனுக்கு ஓர் ஊர் உண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் அங்கே போய்வர வேண்டும் என்று விதி எழுதி வைத்தது. என் பேரனிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் சொந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவான்? அறை எண் எழுதுவான்.

இதையெல்லாம் வீட்டில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "காரைக்கால்ல நீங்க லீவுல இருந்தீங்க, சரி. உங்க அத்தை எத்தனை நாள் லீவுல இருந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வீட்டில் லீவு நாளில் பதினேழு பேர் சாப்பிடுவோம். அத்தை விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படிக்குள் போனால், ராத்திரி பத்து மணிக்குத்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். நான் அவர் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் இல்லை. நான் தமிழ் படித்த அந்த இன்பமான லீவுக்குக் கூலி கொடுத்தது அத்தையின் முதுகு. "மூணு நாள் நான் ஒரு டம்ளர்கூடக் கழுவலை. எனக்கு அந்த இடம் பிடிச்சுதான் இருந்துது" என்றாள் மனைவி. மருமகளும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னாள். "மாமா, வருஷம் முழுக்க ராத்திரி படுக்கும்போது நாளைக்கு என்ன டிபன்னு யோசிச்சுக்கிட்டேதான் படுக்கிறேன். மூணு நாள் யோசிக்காம தூங்கினேன். அது தப்பா?"

தப்பில்லை அம்மா. இந்த ஒரு வாதத்துக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இது ரிசார்ட்டுக்கு ஆதரவான வாதம் இல்லை. என்னைப் போன்ற ஆண்களுக்கு எதிரான வாதம். வீட்டில் இரண்டு ஆண்கள், நானும் என் மகனும், கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்பதால்தானே பெண்கள் காசு கொடுத்து ஓய்வு வாங்க வேண்டியிருக்கிறது? பிரான்சில் 1936இல் லெயோன் ப்ளும் அரசாங்கம் தொழிலாளிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் போட்டதை எங்கள் சரித்திர வாத்தியார் பெருமையாக நடத்துவார். நம் வீட்டு அடுப்படிக்கு அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

நம் பக்கத்துக் குற்றங்கள் இன்னும் இருக்கின்றன. வயதானவர்கள் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வந்தால் "அதைத் தொடாதே, இதை உடைக்காதே" என்கிறோம். ஏழு மணி ஆனால் சீரியலுக்காக வாயை மூடச் சொல்கிறோம். மாடியில் ஏ.சி. கிடையாது, கத்திரி வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி. கீழே கக்கூஸில் உட்காரப் பிள்ளைகளுக்குப் பயம். மருமகள் நைட்டியோடு கூடத்துக்கு வந்தால் நம் முகம் ஒரு மாதிரி ஆகிறது. அது அவளுக்குத் தெரியாதா? "வீடு இருக்க ரிசார்ட் எதற்கு" என்று கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டில் அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறோமா என்று நாம் நம்மைக் கேட்க வேண்டும்.

கேட்டேன். பென்ஷன் அரியர் கொஞ்சம் இருந்தது. மாடி அறை ஒன்றில் ஏ.சி. மாட்டியாயிற்று. மேலே வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டக் கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். காலை டிபனுக்கு எங்கள் தெருமுனையில் இட்லி விற்கிற அம்மாளிடம் சொல்லிவைக்கலாம். ரொட்டிக்கு விறகு அடுப்பு பேக்கரி இருக்கிறது. மத்தியானத்துக்கு நான் சாம்பார் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை புளி அதிகம். இரண்டாம் தடவை மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள், அது நல்ல அறிகுறி. பாத்திரம் மகன் கழுவுவான். ஒப்புக்கொண்டிருக்கிறான்.

மகனிடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அடுத்த மே மாதம் பத்து நாள் வர வேண்டும். கடைசி இரண்டு நாள் ரிசார்ட்டுக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீச்சல் குளம் பிள்ளைகளுக்கு ஆசைதான். முதல் எட்டு நாள் வீடு. காலை ஏழரை வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், அந்த நேரத்தில் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட். 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மர நிழல். நாள் ஒத்துவந்தால் வைகாசியில் வில்லியனூர்த் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெயில். அப்போது ஒரு நிகழ்ச்சியும் கிடையாது. கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு "போர் அடிக்குது தாத்தா" என்று சொல்லட்டும். சொன்னால் தினத்தந்தியை விரிப்பேன். கிள்ள மாட்டேன்.

அவசரம் எதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி யானையைப் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். 2022 நவம்பரில் ஒரு காலை நடைக்குப் போன யானை விழுந்து இறந்துவிட்டது. பேத்தி அப்போது பெங்களூரில் இருந்தாள். எனக்கும் எழுபத்தைந்து ஆகிறது.

என் வயது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளும் அடுத்த லீவுக்கு உங்கள் ஊரிலேயே அறை போடப் போகிறார்கள். போட்ட பிறகு வருத்தப்பட்டுப் பிரயோசனம் இல்லை. இப்போதே போன் செய்யுங்கள். அதற்கு முன்னால் கக்கூஸையும் அடுப்படியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பேரனிடம் போன வாரம் வீடியோ காலில் பேசினேன். "என் ரூம் நம்பர் 14" என்றேன். எங்கள் வீட்டுக் கதவு எண் அது. எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, பென்சில் தேடிக்கொண்டு போனான்.